சாமி நல்லா இருக்காங்களா?

கறுப்பு வண்டி: ஆறாவது அத்தியாயம்

சேலத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவன் வாங்கக் கூடாத வண்டிகளை வரிசையாக நிறுத்தினால், முதலாவதாக நிற்பது நான் வாங்கிய வண்டியாகத்தான் இருக்கும். மன்னிக்கவும், நிற்காது, படுத்திருக்கும்.

ராத்திரி நிறுத்தும்போது யானை மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்தக் கறுப்பு வண்டி, காலையில் போய்ப் பார்த்தால் நாலு காலையும் மடக்கிக்கொண்டு தரையோடு கிடக்கும். முதல் நாள் நான் பதறிப் போனேன்.

"ஏர் சஸ்பென்ஷன் மாமா. ஸ்பிரிங்குக்குப் பதிலாக் காத்துப் பை. பழைய வண்டில காத்து எறங்கத்தான் செய்யும். ஸ்டார்ட் பண்ணி உட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, தானா எந்திரிச்சிரும்" என்றான் என் மைத்துனன் ஜெபஸ்டின். என் சொகுசு வண்டி ஆசைக்கு வருஷக்கணக்காக எண்ணெய் ஊற்றி வளர்த்தவன் அவன்தான்.

டீ குடிக்க நேரம் இருக்கிறவர்களுக்காகத்தான் இந்த மாதிரி வண்டிகளைச் செய்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வண்டி எங்களிடம் வந்த விதம் ஊருக்குத் தெரியாது. எங்கள் பங்குச் சாமியார் லாசர் ஒருநாள் கூப்பிட்டார். "ஜெரால்டு, ஒரு பொண்ணு அவசரமா வண்டி விக்கணும். புரோக்கர் கூடாது, வெளிய தெரியக் கூடாது. நீ வாங்கிக்கிறியா?" அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். என்ன வண்டி என்று தெரிந்ததும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சரி என்றேன்.

அந்தப் பெண் சௌந்தர்யா. கையெழுத்துப் போட்டு, இரண்டு சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றாள். அவள் மகள் யாழினி பின்பக்கம் சீட்டில் உட்காரவில்லை. கீழே, கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"மேல உக்காரு கண்ணு" என்றேன்.

"வெளிய தெரியுமுங்க" என்றது.

சௌந்தர்யாவின் கணவன் கந்தவேல். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு முதலாளி. மனைவியையும் மகளையும் தேடிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் அந்தக் குழந்தை கிடைத்துவிடக் கூடாது. எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அவர்களை எங்கே தங்க வைத்திருக்கிறார் என்று லாசர் சாமியைக் கேட்டேன். "தெரிஞ்சா நீ சொல்லிருவே" என்றார். இத்தனை வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களையெல்லாம் கேட்ட மனுஷன். என்னை எடை போடுவதில் தப்பு செய்ய மாட்டார்.

இன்னொன்றும் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு வண்டிய சேலத்த தாண்டி எடுத்துட்டுப் போகாத."

சரி சாமி என்றேன். நான் எப்போதும் சரி சாமி என்றுதான் சொல்வேன்.

* * *

சனிக்கிழமை. மகள் அக்சிலியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. சாயங்காலம் லாசர் சாமி வந்து வண்டியை மந்திரிப்பதாக ஏற்பாடு. தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்துவிட்டால் இனி இது சௌந்தர்யா வண்டி இல்லை, நம் வண்டி என்று எனக்கு ஒரு கணக்கு.

பள்ளி வாசலில் நிறுத்தினேன். ஸ்கூட்டரில் பிள்ளைகளை இறக்கிவிடுகிற அப்பாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா! கதவு தொறக்க மாட்டேங்குது!"

பின்னால் அக்சிலியா கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன். ஜெபஸ்டினுக்குப் போன் போட்டேன்.

"சைல்டு லாக் மாமா. கதவு ஓரத்துல சின்னதா ஒரு கொக்கி இருக்கும், தட்டி விடுங்க."

குனிந்து பார்த்தேன். கொக்கி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. கொக்கியை ஒடித்து, ஓட்டைக்குள் எதையோ குழைத்துப் பூசி இறுக வைத்திருந்தார்கள். மறுபக்கக் கதவிலும் அப்படியே. பின் கண்ணாடிகளை இறக்குகிற பட்டன்கள் இரண்டும் செத்துக் கிடந்தன.

முன் சீட்டிலிருந்து என் மனைவி பிரின்சி இறங்கி வந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி வழியாக அவள் இருப்பதே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து தட்டினாள். திறந்தேன்.

"பிள்ளைக்காகப் போட்ட பூட்டுன்னா, பிள்ள வளந்ததும் எடுக்கற மாதிரி இருக்கும்" என்றாள். "இது யாருக்குப் போட்டதுங்க?"

"சாயங்காலம் சாமி வந்து மந்திரிச்சா எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

"சாமி மந்திரிச்சாக் கொக்கி மொளைக்குமா? இனிமே அக்சி இதுல வரவேண்டாம்."

அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். பகட்டான வண்டி வைத்திருக்கும் கணவனை நடுரோட்டில் விட்டுவிட்டு மனைவி ஆட்டோவில் போவதைப் பார்த்து, அந்த ஸ்கூட்டர் அப்பாக்கள் பரம திருப்தியுடன் கலைந்தார்கள்.

அந்த அவமானத்தில்தான் புத்தி கெட்டது. நாமக்கல் பண்ணையில் ஒரு சின்ன வேலை இருந்தது. பழைய வேனிலேயே போயிருக்கலாம். பண்ணைக்காரர் நவீன்குமார் போன தடவை, "என்னங்க முட்டைக்காரரே, இன்னும் இந்த வேன்தானுங்களா?" என்று சிரித்திருந்தார். அவர் வாயை ஒரு தடவையாவது அடைக்க வேண்டாமா?

அடைத்தேன். நவீன்குமார் வண்டியைச் சுற்றி வந்து, "ஏனுங்க, முட்டைல இவ்வளவு வருதுங்களா?" என்றார். கோழிகள்கூடக் கூண்டுக்குள் திரும்பி நின்று பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

திரும்பும்போது ராசிபுரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். பின் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவிக் கொடுப்பது போல மெதுவாகத் தடவினார். நான் கை கழுவிவிட்டு வந்தபோது ஆள் இல்லை.

வண்டியை யாராவது தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது.

* * *

மல்லூர் தாண்டியதும் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஓரம் கட்டினேன்.

"ஏனுங்க, அந்தக் கறுப்பு வண்டி உங்களுதுங்களா? முன்னால அட்டையில நம்பர் இருந்துச்சுங்க."

'இடைஞ்சலாக இருந்தால் அழைக்கவும்' என்று என் பெயரும் நம்பரும் போட்டுக் கண்ணாடியோரம் ஒரு அட்டை வைத்திருந்தேன். இடைஞ்சல் என்று சொல்லும்படியான வண்டி எனக்கு இதுதான் முதல்.

"ஆமாங்க, நம்முளுதுதான். ஏதும் இடைஞ்சலா இருந்துச்சுங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க." குரல் அவ்வளவு மென்மை. "சாமியப் பத்திக் கேக்கலாமுன்னு கூப்பிட்டேனுங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். லாசர் சாமி கை வைத்து ஜெபித்தால் நோய் தீரும் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. எல்லா மதத்துக்காரர்களும் தேடி வருவார்கள். கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு யாரோ பாவம் கூப்பிடுகிறார்கள்.

"கேளுங்க, கேளுங்க."

"சாமி நல்லா இருக்காங்களாங்க?"

"சாமிக்கென்னங்க! ஜம்முனு இருக்காங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு ஒலி. வீட்டில் யாருக்கோ ரொம்ப முடியவில்லை போல என்று என் மனசு இளகியது.

"இந்த வண்டிலதான் போறாங்க வாராங்களாங்க?"

"எப்பவாச்சும் ஏறுவாங்க. இன்னிக்குச் சாயங்காலங்கூட நம்ம ஊட்டுக்கு வாராங்க." கொங்குக்காரர்களிடம் பேசினால் என் நாக்கும் தானாகக் கொங்குக்குத் திரும்பிவிடும். வியாபார வியாதி.

"சாப்புடறாங்களாங்க நல்லா?"

"வெச்சதெல்லாம் சாப்புடுவாங்க. முட்டைன்னா உசுரு."

"முட்டையா?" குரல் திடுக்கிட்டது. "முட்டை ஒத்துக்காதுங்களே! ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிருமே சாமிக்கு!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகறதில்லீங்க. வாராவாரம் அட்டையோட நாந்தான அனுப்பறேன்."

"அப்ப நீங்கதான் பாத்துக்கறீங்க."

"பின்ன? நம்ம குடும்பம்தானுங்க எல்லாம்." சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

"தனியாப் படுத்தாப் பயந்துக்குவாங்களே. வெளக்க அணைக்க உடமாட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். லாசர் சாமி வாலிப வயதில் கால்பந்து கோல்கீப்பர். அவர் நின்றால் கோல் போஸ்ட் தெரியாது. "பேயெல்லாம் சாமியப் பாத்துத்தானுங்க பயப்படும்!"

அந்த மனிதர் சிரிக்கவில்லை.

"ஒருக்காப் பாக்கோணுங்க. பாக்காம எனக்கு ராத்தூக்கமே இல்லீங்க. இப்ப எங்க இருக்காங்க?"

"சனிக்கிழமைல சாமி ஓமலூருங்க. சிஸ்டருங்க பள்ளிக்கூடம், ஆஸ்டல் எல்லாம் இருக்குதே, அங்கதான். சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க."

"போனா உடுவாங்களாங்க?"

"கேட்டுல முட்டைக்கார ஜெரால்டு அனுப்புனாருன்னு சொல்லுங்க. அங்கயும் நம்ம முட்டைதான். ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

"உங்க புள்ள குட்டி நல்லா இருக்கோணும். வாரேனுங்க சாமி" என்று வைத்துவிட்டார்.

என்னையும் சாமி என்றார். நாமக்கல் பண்ணைகளில் என்னைச் சாமி என்பார்கள், என் டிரைவரைச் சாமி என்பார்கள், தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் "வாங்க சாமி" என்று ங்க போட்டுத்தான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காகக் கேட்ட காது. அன்றைக்கு அந்தக் காதைப் பூட்டி வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு வந்து சேர்ந்தேன்.

* * *

வெயில் தணிகிற நேரத்துக்கு லாசர் சாமி தன் ஸ்கூட்டரில் வந்தார். பிரின்சி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். முகம் மட்டும் காலையில் பார்த்த அதே முகம். அக்சிலியா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

வண்டி அதற்குள் பாதி இறங்கிவிட்டது. மந்திரிக்கும் முன்பே முழங்கால் போட்டுவிட்டது என்று ஒரு ஜோக்கை மதியத்திலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன். சொல்ல வாய் திறந்தேன். அதற்கு முன் நினைவு வந்தது.

"சாமி, உங்களத் தேடி ஓமலூருக்கு ஒருத்தர் வந்திருப்பாரே, பாத்தீங்களா?"

"நான் மதியமே கெளம்பிட்டேன். டவுன்ல ஒரு அடக்கம். யாரு வந்தது?"

"பேரு கேக்கல. பாவம், போன்லயே அழுதுட்டாரு. உங்க மேல என்ன பாசங்கறீங்க! நீங்க தனியாப் படுத்தாப் பயந்துக்குவீங்களாம். வெளக்க அணைக்க உடமாட்டீங்களாம்." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "முட்டை சாப்பிட்டா ஒடம்பு தடிச்சிருமாம் உங்களுக்கு!"

சாமியின் கையில் தீர்த்தப் பாட்டில் அப்படியே நின்றது.

"அந்தாளு என்ன கேட்டான்? வார்த்தைய மாத்தாமச் சொல்லு."

"சாமி நல்லா இருக்காங்களான்னாரு."

"அப்புறம்?"

"சாமி எங்க இருக்காங்கன்னாரு. நான் ஓமலூர்…"

பின்னால் நின்ற பிரின்சி முன்னால் வந்தாள். "ஏங்க," என்றாள். "அக்சி கைக்குழந்தையா இருந்தப்ப நாமக்கல்ல அவளத் தூக்கி வெச்சுக்கிட்டு எல்லாரும் என்னன்னு கூப்பிட்டாங்க?"

"சாமின்னு…" என்று சொல்லிக்கொண்டே லாசர் சாமியின் பக்கம் திரும்பினேன்.

"யாழினி ஓமலூர்லயா சாமி இருக்கு?"

அவர் ஹாஸ்டலுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டார். "அடிக்குது. எடுக்கல." மறுபடியும் போட்டார். "எடுக்கல."

"அவனும் அப்பன்தான சாமி?" நான் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். "அவ்வளவு பாசமாக் கேட்டான். முட்டை ஒத்துக்காதுன்னு பதறினான். அப்படிப்பட்டவன் பிள்ளைய என்ன பண்ணிருவான்?"

"பாசம் இல்லேன்னு யாரு சொன்னா?" என்றார் சாமி. "சௌந்தர்யாவுக்குத் தாடை எலும்பு ரெண்டா ஒடஞ்சப்ப டிரைவர ஓட்டச் சொல்லிட்டு அவனேதான் முன்சீட்டுல மடியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வழியெல்லாம் அழுதானாம். பின்னால உக்காந்து அந்தப் பிள்ள பாத்துக்கிட்டே போச்சு. எறங்கி ஓடவும் வழியில்ல."

பிரின்சி வண்டியின் பின் கதவைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

"ஏறுங்க, ஓமலூருக்குப் போயிருவோம்" என்று சாவியைப் போட்டேன். இஞ்சின் உறுமியது. வண்டி எழுந்திருக்கவில்லை. சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, புஸ் புஸ் என்று மூச்சு விட்டு, ஒரு விரல், இன்னொரு விரல் என்று நிதானமாக நிமிர ஆரம்பித்தது. மூன்று பேரும் அது எழுவதைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். "உன் வேன எடுடா!" என்று சாமி கத்தினார். என்னை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை.

வேனை நோக்கி ஓடும்போது என் போன் அடித்தது. அதே நம்பர். சாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஏனுங்க சாமி, மத்தியானம் பேசுனேனே, நாந்தானுங்க." அதே மென்மை. "உங்க பேரச் சொன்னேன், கேட்டத் தொறந்து உட்டுட்டாங்க. உங்களுக்கு அங்க நல்ல மருவாதிங்க."

"சார், அந்தப் பிள்ளைய…"

"எங்கூடத்தான் இருக்காங்க. கொஞ்சம் அழுதாங்க. இப்ப மடியிலயே தூங்கிட்டாங்க. எளச்சுப் போயிட்டாங்க. முட்டை மட்டும் இனிமே குடுக்காதீங்க, நாஞ் சொல்றேன்."

"கந்தவேல் சார், நான் சொல்றத ஒரு நிமிஷம்…"

"பேருந் தெரியுதுங்களே உங்களுக்கு."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலம் கடந்த கடி. சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப அவங்கம்மா இருக்கற எடமுந் தெரிஞ்சிருக்கும்" என்றது குரல். கோபமே இல்லை. யாரோ விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருந்தது. "நாளைக்கு ஞாயித்துக்கெழம, நீங்க கோயிலுக்குப் போவீங்க. போயிட்டு வாங்க. பூசை முடிஞ்சதும் அவங்கம்மாளக் கூட்டிக்கிட்டு, அதே வண்டில, நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டு வாங்க, அதான் பழக்கம். போலீசு கீலீசுன்னு அலைய வேண்டாமுங்க. பெத்தவன் பிள்ளையக் கூட்டிட்டுப் போனா அவங்க என்ன கேப்பாங்க? சாமி முழிச்சுக்குவாங்க, வெச்சர்றேனுங்க."

வைத்துவிட்டான்.

பிரின்சி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சௌந்தர்யா எங்க சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"இங்கதான், டவுன்ல. சிஸ்டருங்க தையல் கூடத்துல வேலை. வேலை முடிஞ்சதும் பஸ் ஏறி மகளப் பாக்கப் போவா. தெனமும்…"

அவர் சொல்லி முடிக்கவில்லை. அவர் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் சௌந்தர்யா பெயர்.

லாசர் சாமி, எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சாவுச் செய்திகளைச் சொன்ன மனுஷன், என்னைப் பார்த்தார். சொல்லச் சொல்லிப் பார்க்கவில்லை. வழி தெரியாமல் பார்த்தார்.

"குடுங்க சாமி" என்றேன். "சொன்ன வாயே சொல்லட்டும்."

வாங்கிக் காதில் வைத்தேன். பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், அதற்கு நடுவே அவள் குரல். நான் கேட்டிருந்த குரலே இல்லை அது. அதில் சிரிப்பு இருந்தது.

"ஃபாதருங்களா? ஓமலூர் பஸ் ஏறிட்டேனுங்க. இன்னிக்கு எடம் கெடச்சு ஜன்னலோரமா உக்காந்திருக்கேன். பாப்பாகிட்டச் சொல்லிருங்க, அம்மா வந்துட்டே இருக்கேன்னு."

"இல்லம்மா" என்றேன். "ஜெரால்டு பேசறேன். எறங்கிரு."